முன்வாசலா, கொல்லைப்புறமா? – பொதுத்தேர்தல் இன்றி வந்த பிரதமர்கள்

2022-ஆம் ஆண்டு தீபாவளிக்கு மறுநாள், அக்டோபர் 25. அன்று மாலை சூரிய கிரகணம். கிரகணம் விட்டுக் குளித்த பிறகுதான் சாப்பாடு என்று வீட்டில் உத்தரவு. பசியோடு தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தோம். லண்டனில் ரிஷி சுனக் பிரதமராகப் பொறுப்பேற்ற காட்சி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. நம் பெங்களூருக்கு அன்று இரட்டைத் தீபாவளி. இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தியின் மருமகன் அல்லவா அவர்! 2009-இல் கல்யாணம் நடந்ததும் இதே ஊரில்தான். 'நம்ம பெங்களூரு மாப்பிள்ளை' என்று எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் ஒரே பெருமை.

பத்து வயதுப் பேத்தி மட்டும் திருப்தி அடையவில்லை. "தாத்தா, அங்க எலெக்‌ஷன் எப்ப நடந்துச்சு?" என்றாள்.

"நடக்கலைம்மா."

"அப்புறம் எப்படி பி.எம். ஆனாரு? அது சீட்டிங் இல்லையா?"

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கேள்வியை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரியவர்களே கேட்டு வருகிறார்கள். 'கொல்லைப்புற வழியாக ஆட்சிக்கு வந்தவர்' என்று மேடைக்கு மேடை முழங்கியதை நாம் கேட்டதில்லையா? அவளுக்கு அன்று இரவு சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து, நம் சங்க மலருக்காக இங்கே எழுதுகிறேன். இந்தக் கதையில் லண்டனைவிட நம் பெங்களூருக்குப் பங்கு அதிகம். டெல்லிக்கு ஆள் தேர்ந்தெடுத்த ஒரு தமிழருக்கும் பெரிய பங்கு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்வோம். நம்மில் யாருமே ஒரு பிரதமரைத் தேர்ந்தெடுத்ததில்லை. அன்று முத்திரை குத்தியதும், இன்று பொத்தான் அழுத்துவதும் நம் தொகுதி உறுப்பினருக்காகத்தான். அப்படி வென்றவர்கள் கூடிய மக்களவையின் நம்பிக்கை யாருக்கு இருக்கிறதோ, அவரே பிரதமர். அரசியலமைப்புச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. பிரதமரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். அமைச்சரவை கூட்டாகப் பொறுப்புச் சொல்ல வேண்டியது மக்களவைக்கு. பதவியேற்பவர் உறுப்பினராக இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஓர் அவைக்குள் வந்துவிட வேண்டும். அவ்வளவுதான். 'பொதுத்தேர்தல் நடந்த பின்பே பிரதமர் மாறலாம்' என்று அதில் எங்கும் இல்லை.

நாம் இந்த முறையைக் கற்றுக்கொண்ட பிரிட்டனிலும் இதுதான் வழக்கம். 1940 மே மாதம், ஹிட்லரின் படைகள் பாய்ந்து வந்துகொண்டிருந்த நேரத்தில், சேம்பர்லினுக்குப் பதிலாகச் சர்ச்சில் வந்தது தேர்தலால் அல்ல. ஐந்து ஆண்டு போரை நடத்தி, வென்ற கையோடு 1945 தேர்தலில் மக்கள் முன் நின்றார். தோற்றுப்போனார்! சுனக்கின் கதையும் இந்த வகைதான். 2019 டிசம்பர் தேர்தலில் வென்றவர் போரிஸ் ஜான்சன். அவர் விலக, லிஸ் டிரஸ் வந்தார். ஏழே வாரத்தில் அவரும் போனார். கட்சிக்குள் வேறு போட்டியாளர் தேவையான ஆதரவைத் திரட்ட முடியாததால் சுனக் போட்டியின்றித் தலைவரானார்; மறுநாளே பிரதமர்.

இந்தியாவில் இப்படி இடையில் பொறுப்பேற்றவர்கள் ஒருவர் இருவர் அல்லர். குல்சாரிலால் நந்தா (1964, 1966 என இருமுறை, தலா 13 நாள்), லால் பகதூர் சாஸ்திரி (1964), இந்திரா காந்தி (1966), சரண் சிங் (1979), இராஜீவ் காந்தி (1984), சந்திரசேகர் (1990), ஐ. கே. குஜ்ரால் (1997). இத்தனை பேரையும் 'கொல்லைப்புறம்' என்று ஒரே கூடையில் போட்டுவிட முடியுமா? முடியாது. எப்படி உள்ளே வந்தார்கள் என்பதைக் காட்டிலும், வந்த பிறகு யாரிடம் போய் நின்றார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. இதை எனக்குப் புரியவைத்தது காமராசரின் வாழ்க்கை.

குடியாத்தம் காட்டிய வழி

1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் அன்றைய சென்னை மாநிலத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. தேர்தலில் நிற்காத இராஜாஜியை முதலமைச்சராக்க முடிவு செய்தார்கள். ஆளுநர் அவரைச் சட்ட மேலவைக்கு நியமித்தார். சட்டப்படி குற்றமில்லை. ஆனாலும் 'மக்களைச் சந்திக்காமல் வந்தவர்' என்ற பேச்சு அவரை விடவில்லை. அடுத்த ஆண்டு கொண்டுவந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டம், எதிர்ப்பாளர்கள் 'குலக்கல்வி' என்று பெயர் சூட்டிய திட்டம், பெரும் கொந்தளிப்பைக் கிளப்ப, 1954-இல் விலகினார்.

அவர் இடத்துக்கு வந்த காமராசரும் பொதுத்தேர்தல் வழியாக வந்தவர் அல்லர். அப்போது அவர் திருவில்லிபுத்தூர் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். சட்டமன்றத்தில் இடமே கிடையாது. கட்சிக்குள் நடந்த போட்டியில் சி. சுப்பிரமணியத்தை வென்று, 1954 ஏப்ரல் 13-ஆம் நாள் பதவியேற்றார். அவரும் மேலவை வழியாகச் சுலபமாக நுழைந்திருக்கலாம். நுழையவில்லை. குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று, வீதி வீதியாக வாக்குக் கேட்டு, வென்று சட்டமன்றத்துக்குள் வந்தார். எதிர்முகாமில் இருந்த தி.மு.க.வே அந்தத் தேர்தலில் அவரை ஆதரித்தது. தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். குலக்கல்வித் திட்டத்தையும் கைவிட்டார்.

இரண்டு பேருமே தேர்தல் இல்லாமல் வந்தவர்கள்தான். ஒருவர் சட்டம் கேட்டதைச் செய்தார். மற்றவர் சட்டம் கேட்டதற்கு மேலேயும் ஒரு படி போய் மக்களிடம் நின்றார். அந்த ஒரு படிதான் அவருக்கு ஒன்பதாண்டு ஆட்சிக்கான அடித்தளம் என்று நான் நினைக்கிறேன்.

டெல்லியில் இரண்டு முறை

1963 அக்டோபர் 2-இல் தாமாகவே முதலமைச்சர் பதவியை விட்டு விலகிய காமராசர், அடுத்த சில மாதங்களில் அகில இந்திய காங்கிரசின் தலைவர் ஆனார். 1964 மே 27 அன்று நேரு மறைந்தார். அன்றே நந்தா தற்காலிகப் பிரதமராகப் பொறுப்பேற்றார். 'நேருவுக்குப் பின் யார்?' என்று உலகமே பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு, விருதுநகரில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஒரு மனிதர் தலையில் வந்து விழுந்தது.

மொரார்ஜி தேசாய் போட்டிக்குத் தயாராக இருந்தார். காமராசர் அவசரப்படவில்லை. உறுப்பினர்களையும் மாநிலத் தலைவர்களையும் தனித்தனியே கலந்து பேசினார். பெரும்பாலோர் மனம் சாஸ்திரி பக்கம் இருப்பதாகச் சொன்னார். கடைசியில், ஜூன் 2 அன்று நாடாளுமன்றக் காங்கிரஸ் கட்சிக் கூட்டத்தில் நந்தா முன்மொழிய, மொரார்ஜியே வழிமொழிய, சாஸ்திரி ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு வாக்குச் சீட்டுக்கூட அச்சடிக்காமல், இத்தனை பெரிய நாட்டின் ஆட்சி கை மாறியது. அண்டை நாடுகள் சிலவற்றில் துப்பாக்கியோடு ஆட்சி மாறிய காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

பத்தொன்பது மாதம்தான் ஆனது. 1966 ஜனவரி 11-ஆம் நாள் அதிகாலை தாஷ்கண்டில் சாஸ்திரி காலமானார். மறுபடியும் நந்தா, மறுபடியும் காமராசர். 'நீங்களே வாருங்கள்' என்று அவரை வற்புறுத்தினார்கள் என்பதும், ஆங்கிலமும் இந்தியும் சரளமாகப் பேசவராத தம்மால் எப்படி முடியும் என்று அவர் மறுத்துவிட்டார் என்பதும் பலரும் எழுதியிருக்கிற செய்தி. தன் அளவு தெரிந்த மனிதர்.

இந்த முறை மொரார்ஜி விட்டுக்கொடுக்கவில்லை. கட்சி உறுப்பினர்களிடையே இரகசிய வாக்கெடுப்பு நடந்தது. ஜனவரி 19 அன்று முடிவு: இந்திரா காந்தி 355, மொரார்ஜி 169. ஐந்து நாள் கழித்து இந்திரா பதவியேற்றார். அப்போது அவர் மாநிலங்களவை உறுப்பினர். மக்களவைத் தேர்தல் எதிலும் அதுவரை நின்றதில்லை!

அந்த ஆண்டு ஜூன் மாதமே ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்று இருந்தது 7 ரூபாய் 50 காசு ஆயிற்று. கட்சித் தலைவரான காமராசருக்கு இதில் உடன்பாடில்லை. தேர்ந்தெடுத்து அமர்த்தியவர்களுக்கும் அமர்ந்தவருக்கும் இடையே விரிசல் தொடங்கியது இங்கேதான்.

பிறகு 1967 பொதுத்தேர்தல். ரேபரேலியில் நின்று இந்திரா வென்றார். விருதுநகரில் நின்ற காமராசர், பெ. சீனிவாசன் என்ற இளம் தி.மு.க. வேட்பாளரிடம் தோற்றார். எங்கள் ஊர் விருதுநகர்ப் பக்கம். அன்று எங்கள் தெருவில் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. ஓர் அறைக்குள் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மக்களிடம் போய் உறுதி பெற்றுவிட்டார். அந்த அறையின் சாவியை வைத்திருந்தவரை மக்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்ததையெல்லாம் புரிந்துகொள்ள இது ஒன்று போதும்.

லால்பாக் கண்ணாடி மாளிகை

இனி நம் ஊருக்கு வருவோம். 1969 ஜூலையில் எனக்கு இருபத்தொரு வயது. பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. அல்சூரில் மளிகைக் கடை வைத்திருந்த சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தேன். அந்த மாதம் இரண்டாம் வாரத்தில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டிக் கூட்டம் லால்பாக் கண்ணாடி மாளிகையில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, 13-ஆம் தேதி, கடையைச் சாத்திவிட்டு, "வாடா, ஐயாவைப் பார்த்துட்டு வருவோம்" என்று சித்தப்பா கிளம்பினார். உள்ளே யார் விடுவார்கள்? கயிற்றுக்கு இப்பால் கூட்டத்தோடு நின்றோம். தூரத்தில் கதர்ச் சட்டைகள் நகர்ந்தன. "அதோ, அந்த உயரந்தான் ஐயா" என்றார். எனக்குச் சரியாகத் தெரியவில்லை. தெரிந்ததாகத் தலையாட்டினேன்.

உள்ளே என்ன நடந்தது என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. மே மாதம் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் காலமாகியிருந்தார். அவர் இடத்துக்குக் கட்சி யாரை நிறுத்துவது? ஜூலை 12 அன்று பெங்களூரில் கூடிய காங்கிரஸ் நாடாளுமன்றக் குழுவில் இந்திரா காந்தி சொன்ன பெயர் ஜகஜீவன் ராம். நிஜலிங்கப்பா, காமராசர், மொரார்ஜி ஆகியோர் அடங்கிய மூத்தவர்கள் அணி சொன்ன பெயர் நீலம் சஞ்சீவ ரெட்டி. மூத்தவர்கள் அணியே வென்றது. அப்போது கட்சித் தலைவராக இருந்த நிஜலிங்கப்பா நம் மாநிலத்துக்காரர். முந்தைய ஆண்டு மே மாதம் வரை இங்கே முதலமைச்சர். காமராசரோ அந்த ஆண்டுத் தொடக்கத்தில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மக்களவை உறுப்பினராக வந்திருந்தார்.

குடியரசுத் தலைவர் பதவிக்கு இத்தனை சண்டை ஏன்? பிரதமரை நியமிக்கும் பேனா அவர் கையில் இருக்கிறதே! அவையில் பெரும்பான்மை தெளிவாக இருந்தால் அந்தப் பேனாவுக்கு வேலை குறைவு. கட்சி உடைந்து, யாருக்கு எத்தனை பேர் என்று தெரியாத வேளையில் அந்தப் பேனா எழுதும் பெயரே பிரதமர்.

பெங்களூரில் தோற்ற இந்திரா டெல்லி திரும்பினார். ஜூலை 16-இல் மொரார்ஜியிடமிருந்து நிதித் துறையை எடுத்துக்கொண்டார். 19-இல் 14 வங்கிகள் நாட்டுடைமை. ஆகஸ்டில் நடந்த தேர்தலில் கட்சி வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி தோற்க, சுயேச்சையாக நின்ற வி. வி. கிரி வென்றார். நவம்பரில் இந்திராவைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள், கட்சி இரண்டாயிற்று. 1971 தேர்தலில் இந்திராவின் காங்கிரஸ் 352 இடங்களில் வென்றது. சித்தப்பா கடையில் காமராசர் படத்துக்குப் போட்ட மாலை மட்டும் மாறவில்லை.

இந்தப் பெங்களூர்க் கூட்டத்துக்கு ஒரு பின்கதை உண்டு. அன்று தோற்ற சஞ்சீவ ரெட்டி 1977-இல் ஜனதா காலத்தில் குடியரசுத் தலைவரானார். 1979 ஜூலையில் மொரார்ஜி ஆட்சி கவிழ்ந்தபோது, சரண் சிங்கைப் பிரதமராக அழைத்தவர் அவரே. சரண் சிங் நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலே ஆகஸ்ட் 20-இல் விலகினார். 'எனக்கு வாய்ப்புக் கொடுங்கள்' என்று உரிமை கோரியவர் யார் தெரியுமா? ஜகஜீவன் ராம்! சஞ்சீவ ரெட்டி அவரை அழைக்கவில்லை, அவையைக் கலைத்துவிட்டார். பத்தாண்டுக்கு முன் பெங்களூரில் எதிரெதிரே வைத்துப் பார்த்த இரண்டு பெயர்கள், பிரதமர் நாற்காலியின் வாசலில் மறுபடி எதிரெதிரே நின்றன. அந்தப் பேனாவுக்காக ஏன் அடித்துக்கொண்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கிற்று.

பொம்மை கொடுத்த அளவுகோல்

அப்படியானால் பெரும்பான்மை யாருக்கு என்பதை ஒரு தனி மனிதர் தம் மாளிகையில் உட்கார்ந்து முடிவு செய்யலாமா? இதற்கு விடை கிடைத்ததும் கர்நாடகத்தால்தான்.

1988 ஆகஸ்டில் இராமகிருஷ்ண ஹெக்டே விலக, எஸ். ஆர். பொம்மை முதலமைச்சரானார். அவரும் இடையில் வந்தவரே. அடுத்த ஏப்ரலில் 19 உறுப்பினர்கள் ஆதரவை விலக்கிக்கொண்டதாக ஆளுநரிடம் கடிதங்கள் போயின. அவர்களில் சிலர் பிறகு மனம் மாறி வந்தார்கள். "அவையைக் கூட்டுங்கள், பெரும்பான்மையைக் காட்டுகிறேன்" என்று பொம்மை கேட்டார். வாய்ப்புத் தரப்படவில்லை. 1989 ஏப்ரல் 21-இல் ஆட்சி கலைக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1994 மார்ச் 11 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. பெரும்பான்மையை அளக்கும் இடம் ஆளுநர் மாளிகை அல்ல, அவைதான் என்பது அதன் சாரம். அதற்குள் இங்கே இன்னொரு தேர்தலே நடந்து முடிந்திருந்தது. பொம்மைக்கு நாற்காலி திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் நாட்டுக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. இன்று எந்த மாநிலத்தில் ஆட்சி ஆடினாலும் 'பொம்மை வழக்கு' என்ற பெயர் முதலில் வருகிறது. 2021 ஜூலையில் எடியூரப்பா விலகியபோது, பொதுத்தேர்தல் இன்றி முதலமைச்சராக வந்த பசவராஜ் பொம்மை இவருடைய மகன்.

கௌடரும் மூப்பனாரும்

1996 மே மாதத்தை நம்மில் பலர் நேரில் பார்த்தோம். தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. வாஜ்பாய் 13 நாளில் விலகினார். ஜோதி பாசுவை அழைத்தார்கள். அவர் கட்சி ஒப்பவில்லை. கடைசியில் ஜூன் 1 அன்று, விதான சௌதாவில் முதலமைச்சராக இருந்த எச். டி. தேவ கௌடா, டெல்லியில் பிரதமராகப் பதவியேற்றார். தேர்தல் நடந்திருந்தது உண்மை. ஆனால் அவர் அதில் வேட்பாளரே இல்லை. அவருடைய ஜனதா தளத்துக்கு மக்களவையில் 46 இடங்கள்தான். அந்த ஆண்டு செப்டம்பரில் மாநிலங்களவைக்குள் வந்தார். அவர் விட்ட முதலமைச்சர் நாற்காலிக்கு ஜே. எச். பட்டேல் வந்தார். ஆக, ஒரே நேரத்தில் டெல்லிக்கு ஒரு புதுப் பிரதமர், பெங்களூருக்கு ஒரு புது முதலமைச்சர். இருவருக்குமாக நாம் யாரும் தனியாக ஓட்டுப் போடவில்லை.

அன்று எங்கள் தொழிற்சாலையில் கன்னட நண்பர் ஒருவர் மைசூர் பாகு பெட்டியோடு வந்தார். "நம்ம கௌட்ரு பிரதானி ஆதரு, ஸார்!" ஹாசன் பக்கத்து மண்ணில் உழுத குடும்பத்திலிருந்து ஒருவர் செங்கோட்டையில் கொடியேற்றப் போகிறார் என்ற மகிழ்ச்சி அவருக்கு. காவிரியை நினைத்து எங்களில் சிலருக்கு உள்ளூர ஒரு கலக்கம். இருந்தாலும் மைசூர் பாகைச் சாப்பிட்டோம், நன்றாகவே இருந்தது.

பத்து மாதத்தில் காங்கிரஸ் தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. கௌடர் ஓடவில்லை. 1997 ஏப்ரல் 11 அன்று மக்களவையில் நம்பிக்கை வாக்குக் கேட்டார். ஆதரவு 158, எதிர்ப்பு 292. தோற்று விலகினார். அவரோடு ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அவையில் வந்தார், அவையில் தோற்றார் என்ற நேர்மையை மறுக்க முடியாது.

அடுத்து யார் என்றபோது நம் மூப்பனார் பெயர் பலமாக அடிபட்டது. 1996-இல் அவருடைய தமிழ் மாநில காங்கிரஸ் 20 இடங்களில் வென்றிருந்தது. காமராசர் வேண்டாம் என்று விட்டது, அவர் வழிவந்தவருக்கு வருகிறதே என்று அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பேசாத தமிழர் கிடையாது. வரவில்லை. ஏப்ரல் 21-இல் பதவியேற்றவர் குஜ்ரால். அதிருப்தியில் த.மா.கா. முதலில் அமைச்சரவையில் சேராமல் ஒதுங்கி நின்று, பிறகு சேர்ந்தது. அன்று அதே கன்னட நண்பர் என் மேசைக்கு வந்தார். "உங்க மூப்பனார் வருவாருன்னு நெனச்சேன் ஸார். நமக்குப் போனது உங்களுக்கு வந்திருக்கலாம்" என்றார். அந்த வார்த்தை இன்றும் என் மனதில் இருக்கிறது.

நமக்கு இதில் என்ன?

குடவோலை முறையைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுவோம். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் 30 குடும்புகளும், குடத்தில் இட்ட ஓலைகளும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதில் ஊரார் எல்லோருக்கும் இடம் இல்லை. நிலம், வீடு, கல்வி, வயது என்று பல தகுதிகள் கேட்டார்கள். ஆனால் என்னைக் கவர்ந்தது வேறொரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்றார்கள். அவருடைய உறவினருக்கும் அதே தடை. ஓலையை எடுப்பது குலுக்கல்தான். ஆனால் கணக்குக் காட்டுவதில் குலுக்கல் இல்லை.

இடையில் வரும் பிரதமருக்கும் நான் கேட்பது இதைத்தான். அவையில் பெரும்பான்மையைக் காட்டினாரா? உரிய காலத்தில் மக்கள் முன் நின்றாரா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் அது முன்வாசல்தான். இல்லையென்றால், மாலை மரியாதையோடு வந்தாலும் கொல்லைப்புறமே.

ஊர்விட்டு ஊர் வந்து, எண்ணிக்கையில் சிறியவர்களாக வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. 1989-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட கர்நாடகச் சட்டமன்றம் ஐந்தாண்டில் மூன்று முதலமைச்சர்களைப் பார்த்தது: வீரேந்திர பாட்டீல், பங்காரப்பா, வீரப்ப மொய்லி. 1991 டிசம்பர் காவிரிக் கலவரம் அந்த ஐந்தாண்டுக்குள்தான் வந்தது. தமிழ்ப் பத்திரிகையை மடித்துப் பைக்குள் மறைத்துக்கொண்டு பேருந்து ஏறிய நாட்களை நான் மறக்கவில்லை. அப்போது நான் உணர்ந்தது ஒன்று. நாற்காலியில் நம்மவர் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. யார் அமர்ந்தாலும் கட்டுப்படுத்தும் விதி உயிரோடு இருக்கிறதா என்பதே எண்ணிக்கையில் சிறியவர்களுக்குக் காப்பு. கூட்டம் பெரிதாக உள்ளவர்களுக்கு விதி கொஞ்சம் தளர்ந்தாலும் தாங்கும். நமக்குத் தாங்காது.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்லிவிடுகிறேன். பிரதமரை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால், நாம் எந்த உறுப்பினரை அனுப்புகிறோம் என்பது எத்தனை முக்கியம்! நம் குடும்பங்கள் பலவற்றில் ஓட்டு எங்கே இருக்கிறது? ஊரில் இருந்த பெயரை நீக்கிவிட்டார்கள். இங்கே சேர்க்க நமக்கு நேரமில்லை. முப்பது ஆண்டு பெங்களூரில் வாழ்ந்தும் இரண்டு இடத்திலும் பெயர் இல்லாதவர்களை நம் சங்கக் கூட்டத்திலேயே நான் பார்த்திருக்கிறேன். தேர்தல் இல்லாமல் பிரதமர் வந்துவிட்டார் என்று கோபப்படும் உரிமை, தேர்தல் வந்தபோது வாக்களித்தவருக்குத்தான் முழுதாக உண்டு.

2024 ஜூலை 4 அன்று பிரிட்டனில் பொதுத்தேர்தல் நடந்தது. சுனக்கின் கட்சி 121 இடங்களோடு படுதோல்வி அடைந்தது. மறுநாள் மழை இல்லாத காலையில் வீட்டு வாசலில் நின்று, மன்னிப்புக் கேட்டு, பொறுப்பேற்று விலகினார் நம் மாப்பிள்ளை. பேத்திக்கு அப்போது பன்னிரண்டு வயது. செய்தியைப் பார்த்துவிட்டு, "தாத்தா, அன்னைக்கு நடக்காத எலெக்‌ஷன் இப்ப நடந்துருச்சு" என்றாள்.

"ஆமாம்மா. இது எப்படியும் ஒருநாள் நடந்தே தீரணும். அதனாலதான் அது சீட்டிங் இல்லைன்னு சொன்னேன்."

இன்னும் ஆறு ஆண்டில் அவளுக்கு வாக்குரிமை வந்துவிடும். வாக்காளர் பட்டியலில் அவள் பெயரைச் சேர்க்க நானே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை. அதுவரை இறைவன் ஆயுளைக் கொடுக்கட்டும்.